தாதியின் பதிவேடும் தோட்டத்தார் இதயமும்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் நிறைவில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துரைத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றையும் கூறிய பின்னர், நோயாளியின் அருகிருந்து பணிபுரியும் 'உழைச்செல்வா'னை நான்காம் கூறாக வைத்தார். நான்கில் ஒன்று குறையினும் மருத்துவம் முழுமையுறாது என்பது அதன் பொருள். எனினும், மருத்துவ வரலாற்றை எழுதப் புகுந்தோர் முதல் மூன்று கூறுகளுக்கே பெரும்பாலான பக்கங்களை ஒதுக்கினர். நான்காம் கூறாகிய தாதியின் பணி அடிக்குறிப்பளவில் நின்றுவிட்டது.

இதய நோயைப் பொறுத்தவரை இக்குறை இன்னும் பெரிது. மாரடைப்பு என்றதும் மக்கள் மனத்தில் எழுவன அறுவை மேடையும், குழாய் செலுத்தி அடைப்பு நீக்கும் கருவியும், புகழ்பெற்ற மருத்துவ வல்லுநரின் பெயருமே ஆகும். அம்மேடைக்கு ஒருவர் வந்து சேர்வதற்கு நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அந்நோய் வித்தூன்றிவிடுகிறது. அவ்வித்து முளைவிடாமல் தடுக்கும் வாய்ப்பு பிரசவ அறையிலும், குழந்தையை நிறுக்கும் தராசிலும், அடுக்களையிலும், கிராமக் கிளினிக்கின் பதிவேட்டிலுமே கிடைக்கிறது. இந்நான்கு இடங்களிலும் முதலில் நிற்பவர் தாதியே.

அரசின் சுகாதாரக் கொள்கை காகிதத்தில் பிறக்கிறது. தாதியின் காலடியில்தான் அது நடக்கிறது. அக்காலடி படாத இடங்களில் கொள்கை இருந்தும் இல்லாததே. சிலாங்கூர் மாநிலத்தின் வடபுலத் தோட்டங்களின் வரலாறு இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குகிறது.

ஆற்றுமுகத் தோட்டங்கள்

சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் கோலசிலாங்கூர். அதன் தெற்கிலும் கிழக்கிலும் ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை எனத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்கள் வளர்ந்தன. இவற்றுள் பத்தாங் பெர்ஜுந்தை 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று வழங்கப்படுகிறது. வடக்கே கடற்கரையை ஒட்டிச் செல்வோர் தஞ்சோங் காராங், செகிஞ்சான் ஆகிய ஊர்களின் பரந்த நெல்வயல்களைக் காண்பர். 1930-களில் தொடங்கிய தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டம் சதுப்பு நிலத்தை வயலாக்கித் தந்த பயன் அது. அவற்றையும் கடந்தால் சபாக் பெர்ணம் வரும்.

தோட்டப் பகுதியின் வரலாறு பயிர் மாற்றத்தின் வரலாறாகும். காப்பி போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை ஹென்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917-ஆம் ஆண்டில் அமைத்ததும் இவ்வட்டாரத்தில்தான். அதன் பெயர் தென்னமாரம். சொல்லிலேயே தமிழ் ஒலிக்கிறது. பயிர்கள் மாறினும் அவற்றைப் பேணிய கைகள் மாறவில்லை. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமே லயத்து வீடுகளில் வாழ்ந்து இம்மண்ணுக்கு உழைத்தனர்.

அவர்களைத் தொடக்கத்தில் வாட்டிய நோய் இதய நோயன்று. மலேரியாவும், கொக்கிப்புழுவும், வயிற்றுக்கடுப்பும் தோட்டங்களைச் சூறையாடின. 1901-இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டிக் கொசுவின் பிறப்பிடத்தை அழித்து, மலேரியாவைக் கட்டுப்படுத்த இயலும் என்று மெய்ப்பித்தார். 1911-இல் தோட்டத் தொழிலாளரின் உடல்நலப் பாதுகாப்புக்கெனச் சட்டம் பிறந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தோட்டத்தில் மருத்துவ வசதி, பிரசவகால உதவித்தொகை, பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகியவற்றை நிருவாகத்தின் கடமையாக்கியது.

இச்சட்டங்கள் நன்மை செய்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றின் நோக்கம் குறுகியது. விடியற்காலைப் பெரட்டில் எத்தனை பேர் நிற்கின்றனர் என்பதே தோட்டத்தின் உடல்நலத்தை அளக்கும் கோலாக இருந்தது. காய்ச்சலில் படுத்தவன் எழுந்து வேலைக்குப் போனால் மருத்துவம் வென்றதாகக் கொள்ளப்பட்டது. அவன் ஐம்பது வயதில் எப்படி இருப்பான், அவன் மனைவியின் வயிற்றில் வளரும் குழந்தை என்ன எடையில் பிறக்கும் என்ற வினாக்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

வயலுக்குத் தாதி, தோட்டத்திற்கு டிரசர்

1950-களில் மலாயாவின் கிராமப்புறச் சுகாதாரப் பணி புதிய வடிவம் பெற்றது. ஏறத்தாழ 50,000 பேருக்கு ஒரு தலைமைச் சுகாதார நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சிக் கிளினிக் என்னும் மூன்றடுக்கு முறை அது. கெடா மாநிலத்தின் ஜித்ரா நகரில் இதற்கெனப் பயிற்சி நிலையம் தோன்றியது. 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டமும் 1966-ஆம் ஆண்டு மருத்துவச்சியர் சட்டமும் பயிற்சிக்கும் பதிவுக்கும் வரையறை தந்தன.

மூன்றடுக்கில் மிகச் சிறியதே மிகப் பெரிய விளைவை ஈன்றது. மருத்துவச்சியின் கிளினிக்கும் குடியிருப்பும் ஒரே கூரையின் கீழ் அமைந்தன. கிராமத்து மக்களோடு மக்களாக அவர் வாழ்ந்தார். மிதிவண்டியில் வீடு வீடாகச் சென்று கருவுற்ற பெண்களைப் பட்டியலிட்டார். வெளுத்த கண்ணிமை கண்டு இரும்புச் சத்து மாத்திரை தந்தார். பிறந்த குழந்தையை நிறுத்து ஏட்டில் எழுதினார். வராதவரைத் தேடிப் போனார். 1970-களில் இம்மருத்துவச்சியர் கூடுதல் பயிற்சி பெற்றுக் கிராமச் சமூகத் தாதியராயினர். மூன்றடுக்கு ஈரடுக்காகச் சுருங்கி, ஏறத்தாழ 4,000 பேருக்கு ஒரு கிராமக் கிளினிக்கும் 20,000 பேருக்கு ஒரு சுகாதார நிலையமும் என அமைந்தது.

இதன் பயனைப் புள்ளிவிவரம் உரைக்கும். 1950-ஆம் ஆண்டளவில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 500-க்கு மேற்பட்ட தாய்மார் இந்நாட்டில் மாண்டனர். 1990-களில் அவ்வெண் 50-க்கும் கீழே இறங்கியது. உலக வங்கி 2003-இல் வெளியிட்ட ஆய்வொன்று மலேசியாவையும் இலங்கையையும் ஒருங்கே எடுத்துக்கொண்டு, பயிற்சி பெற்ற மருத்துவச்சியரும் தாதியருமே இச்சாதனையின் அச்சாணி என்று காட்டிற்று.

பின்னாளில் கருவுற்ற தாய்மாரின் அட்டைகளுக்கு வண்ணக் குறியிடும் முறை வந்தது. வெள்ளைக் குறி பெற்றவரைக் கிராமத் தாதியே கவனிப்பார். பச்சைக் குறியாயின் சுகாதார நிலையத்து மருத்துவர் பார்ப்பார். மஞ்சளும் சிவப்பும் மருத்துவமனைக்கு உரியவை. யாருக்கு இடர் மிகுதி என்பதை முன்கூட்டியே கண்டு, அவரை விடாது பின்தொடரும் இம்முறையே இன்றைய இதய நோய்த் தடுப்பின் அடிப்படை இலக்கணமும் ஆகும்.

ஆனால், இந்தத் தாதியின் பாதை தோட்டத்து எல்லையில் நின்றது. தோட்டம் தனியார் நிலம். அங்கு மருத்துவ வசதி செய்து தருவது நிருவாகத்தின் பொறுப்பு என்பது ஏட்டளவில் சரியான வாதமே. 1965-இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டமும், 1966-இல் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டமும் அப்பொறுப்பை உறுதி செய்தன. அதனால், தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயற்புறங்களில் அரசின் கிராமப்புறச் சுகாதாரப் பணி வேரூன்றிய காலத்தில், ஜெராம், ஈஜோக் தோட்டப்புறங்களில் நிருவாகத்தின் 'டிரசரே' உடல்நலக் காவலராக நின்றார்.

டிரசர்களின் தொண்டு சிறிதன்று. நள்ளிரவில் பாம்பு தீண்டியவனுக்கும், கத்தி பட்டுக் கால் கிழிந்தவனுக்கும், காய்ச்சலில் துடித்த குழந்தைக்கும் அவர்களே முதற்றுணை. ஆனால் அவர்களது பணி நோயாளி தேடி வரும் பணி. லயத்துக்கு லயம் நடந்து, நோயில்லாதவரைத் தேடிச் சென்று, நாளைய நோயை இன்றே கண்டறியும் பணிக்குரிய ஆளும் நேரமும் பயிற்சியும் பெரும்பாலான தோட்டங்களில் அமையவில்லை. தோட்டத்து மக்கள் 'மிசி' என்றழைத்த தாதி, பலருக்கு நகரத்து மருத்துவமனையில் மட்டுமே காணக்கூடியவராக இருந்தார். நோயைத் தீர்க்கும் பணி தோட்டத்துக்கு வந்தது. நோயைத் தடுக்கும் பணி வேலிக்கு வெளியே நின்றது.

தராசு சொன்ன செய்தி

குழந்தையின் எடையை ஏட்டில் எழுதுவதற்கும் மாரடைப்புக்கும் என்ன தொடர்பு என்ற வினா எழலாம். அதற்கான விடை இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்திலிருந்து வந்தது. 1911-இல் அங்குத் தலைமைச் சுகாதாரத் தாதியாகவும் மருத்துவச்சியரின் மேற்பார்வையாளராகவும் பணியாற்றிய எத்தல் மார்கரெட் பர்ன்சைட் என்னும் அம்மையார், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் எடையையும், ஓராண்டு நிறைவில் அதன் எடையையும் பதிய வேண்டுமென ஒழுங்கு செய்தார். தாதியரும் மருத்துவச்சியரும் ஊரூராகச் சென்று எழுதிய அவ்வேடுகள் பல ஆண்டுகள் ஆவணக் காப்பறையில் உறங்கின.

டேவிட் பார்க்கர் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் அவ்வேடுகளைத் தேடி எடுத்தனர். 1911 முதல் 1930 வரை அம்மாவட்டத்தில் பிறந்த 5,654 ஆண்களின் வாழ்வைப் பின்தொடர்ந்து 1989-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகை வியக்கச் செய்தது. பிறப்பிலும் முதலாண்டிலும் எடை குறைந்திருந்தோரிடையே இதய நோய்ச் சாவு மிகுந்திருந்தது. தாயின் வயிற்றில் பட்ட பசி, அறுபதாம் வயதில் மகனின் நெஞ்சில் வலியாக வெளிப்படக்கூடும் என்பதே அதன் சாரம்.

தமிழர் வாழ்வுக்கு இன்னும் அண்மையான சான்று மைசூரில் கிடைத்தது. அந்நகரின் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்தோரின் பேறுகாலப் பதிவேடுகளைக் கொண்டு 517 பேரை ஆராய்ந்தனர். குறைந்த எடையில் பிறந்தோரிடையே இதய நோய் மிகுந்திருந்தமை 1996-இல் வெளியான அவ்வாய்விலும் தெரியவந்தது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரிலும் மைசூரிலும் ஆய்வாளரின் கையில் இருந்தது ஒரே கருவிதான். பெயரறியாத் தாதியர் பிழையின்றி எழுதி வைத்த எடைக் கணக்கு.

இவ்வெளிச்சத்தில் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தால் உள்ளம் நடுங்கும். கொக்கிப்புழுவாலும் குறைந்த உணவாலும் சோகை பற்றிய உடலோடு தாய்மார் கருவுற்றனர். மாதம் முதிர்ந்த பின்னரும் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டச் சென்றனர். அவர்கள் ஈன்ற மெலிந்த குழந்தைகள் வளர்ந்து, நிறைந்த உணவும் குறைந்த உழைப்பும் கொண்ட புதிய காலத்தில் நடுவயதை அடைந்தனர். இளமையில் பசியும் முதுமையில் மிகை உணவும் சேர்ந்தால் இதயத்துக்கு நேரும் கேட்டை மருத்துவ அறிவியல் இன்று அறிந்திருக்கிறது. அன்று தோட்டத்து மகப்பேற்றைத் தாதி ஒருவர் பின்தொடர்ந்திருந்தால், அது தாயையும் சேயையும் காத்ததோடு நில்லாது, அச்சேயின் அறுபதாம் வயது இதயத்தையும் காத்திருக்கும்.

பால் டின்னைப் பற்றியும் ஈண்டுச் சொல்லியாக வேண்டும். 1936-இல் சிங்கப்பூர் வந்த சிசலி வில்லியம்ஸ் என்னும் குழந்தை மருத்துவர், தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்பூட்டிய கட்டிப்பாலைக் குழந்தைகளுக்குப் புகட்டும் வழக்கம் பரவியிருக்கக் கண்டார். 1939-இல் அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு 'பாலும் கொலையும்' என்பது. தாய்ப்பாலின் உயர்வை வீட்டு வாயிலில் நின்று எடுத்துரைக்கும் பணி தாதியர் மேல் விழுந்தது. குழந்தைக்கு ஆகாதெனத் தடுக்கப்பட்ட அதே டின், தேநீர்க் கோப்பை வழியாகப் பெரியவர்களின் அன்றாட உணவில் நிலைபெற்றுவிட்டது. குழந்தையின் பொருட்டுத் தொடங்கிய அறிவுரையைப் பிற்காலத்தில் தாதியர் குடும்பம் முழுமைக்கும் சொல்ல நேர்ந்தது.

புதிய பகைவன்

தோட்டங்கள் மலேரியாவோடு போராடிக்கொண்டிருந்த காலத்திலேயே இந்தியரிடையே இதய நோய் மிகுதியாக உள்ளதென்ற எச்சரிக்கை எழுந்துவிட்டது. சிங்கப்பூரில் பிணக்கூறு ஆய்வுப் பதிவுகளை ஆராய்ந்து பேராசிரியர் டி. ஜே. தனராஜும் அவருடைய துணைவரும் 1959-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரே ஊரில், ஒரே காலத்தில் வாழ்ந்த சீனரைவிட இந்தியரிடையே இதயத் தமனி நோய் பல மடங்கு மிகுந்திருந்தமையை அது காட்டிற்று. பின்னர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவராக விளங்கியவரும் இப்பேராசிரியரே.

எச்சரிக்கை இருந்தும் அதைத் தோட்டத்து வாயிலுக்குக் கொண்டு சேர்ப்பார் இல்லை. இரத்தக் கொதிப்பு வலி தருவதன்று. இனிப்பு நீர் தொடக்கத்தில் காய்ச்சலைப் போல் படுக்க வைப்பதன்று. வலியில்லாத நோய்க்காக ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவரைத் தேடிப் போவோர் எவருமிலர். தேடி வருபவரே இத்தகைய நோயைக் கண்டறிய இயலும். அத்தேடலுக்குரிய பணியாளரே தோட்டத்தில் இல்லாதிருந்தார்.

2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார, நோய் நிலவர ஆய்வின்படி, இந்நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு, பத்துப் பேரில் மூவருக்கு மேல். நீரிழிவு இதயத்தின் முதற்பகை என்பதை மருத்துவர் அனைவரும் ஒப்புவர். மருத்துவச் சான்று பெற்ற சாவுகளின் காரணங்களுள் இதயத் தமனி நோய் பல ஆண்டுகள் முதலிடத்தில் நின்றது. கோவிட் கொள்ளை நோய் 2021-இல் அவ்விடத்தைப் பறித்தது. அது தணிந்ததும் இதய நோய் மீண்டும் தன் இடத்துக்கே திரும்பியது.

வடசிலாங்கூருக்கு இத்துன்பத்தில் இன்னொரு பங்கும் உண்டு. மாவட்ட மருத்துவமனைகள் தஞ்சோங் காராங்கிலும் சபாக் பெர்ணத்திலும் இருக்கின்றன. சிக்கல் மிகுந்த நோயாளிகளை அங்கிருந்து கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ அனுப்ப வேண்டியுள்ளது. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை மடிகிறது. நெடுந்தொலைவில் வாழ்வோருக்குத் தடுப்பே தலைசிறந்த மருத்துவம் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

கொள்கை நடந்த பாதை

மலேசியச் சுகாதார அமைச்சு 1991-இல் நலவாழ்வு இயக்கத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கொரு கருப்பொருளை முன்வைத்த அவ்வியக்கம் முதலாண்டிலேயே இதய நோயை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டில் தேசிய இருதயக் கழகம் கோலாலம்பூரில் பணி தொடங்கியது. 1996-இல் நலவாழ்வு இயக்கம் நீரிழிவைக் கருப்பொருளாக்கியது. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டங்கள் 2010 முதல் வகுக்கப்பட்டன. 2013-இல் 'கோஸ்பென்' என்னும் திட்டம் சிற்றூர்களிலும் குடியிருப்புகளிலும் தன்னார்வலரைச் சேர்த்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளக்கப் பயிற்றுவித்தது.

உணவகங்களில் புகைபிடிக்கும் தடை 2019 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் சீனி மிகுந்த பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதிக்கப்பட்டது. அவ்வரி பின்னர் உயர்த்தப்பட்டது. குறைந்த வருமானமுடையோர்க்கு இலவச உடற்பரிசோதனை தரும் 'பெக்கா பி40' திட்டமும் 2019-இல் பிறந்ததே.

இவை அனைத்தும் பாராட்டுக்குரியவை. ஆயினும், சட்டமும் வரியும் வாங்கும் கையைத் தடுக்குமேயன்றி, சமைக்கும் கையை மாற்ற வல்லன அல்ல. உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, மாத்திரையை ஏன் நாள்தோறும் விழுங்க வேண்டும், கால் எரிச்சல் எதன் அறிகுறி என்பவற்றை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொல்லும் ஒருவர் வேண்டும். மாத்திரை தீர்ந்தும் கிளினிக்குக்கு வராதவரின் பெயரைப் பதிவேட்டில் கண்டு, ஏன் வரவில்லை என்று கேட்கும் ஒருவர் வேண்டும். கொள்கைக்கும் குடும்பத்துக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியின் பெயர்தான் தாதியின் பணி.

பிற நாட்டுச் சான்றுகள்

இது வெறும் விருப்பமன்று; உலகம் கண்டறிந்த உண்மை. பின்லாந்து நாட்டின் வடகரேலியா மாநிலத்தில் 1970-களின் தொடக்கத்தில் நடுவயது ஆண்கள் மாரடைப்பால் கொத்துக்கொத்தாக மடிந்தனர். அம்மக்களே அரசிடம் முறையிட, 1972-இல் பெக்கா புஸ்கா என்னும் இளம் மருத்துவரின் தலைமையில் திட்டமொன்று தொடங்கியது. அங்கு இரத்தக் கொதிப்புடையோரின் பதிவேட்டைப் பேணியவரும், அழுத்தத்தை அளந்தவரும், மருந்தை விடாது உண்ணச் செய்தவரும் சுகாதாரத் தாதியரே. வெண்ணெயும் உப்பும் புகையும் குறைந்தன. ஒரு தலைமுறைக்குள் நடுவயது ஆண்களின் இதய நோய்ச் சாவு 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

தாதியர் தடுப்புப் பணியாற்றியதோடு அறிவியலுக்குத் தம் வாழ்வையே சான்றாகவும் தந்தனர். அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய தாதியர் நல ஆய்வில் 1,21,700 தாதியர் தம் உணவையும் உடல்நிலையையும் பற்றிய வினாத்தாள்களுக்குப் பல்லாண்டுகள் விடையளித்தனர். செயற்கையாகக் கெட்டிப்படுத்திய எண்ணெயில் உண்டாகும் மாறுபக்கக் கொழுப்பு இதய நோயோடு தொடர்புடையது என்ற முடிவு 1993-இல் அவ்விடைகளிலிருந்தே வெளிப்பட்டது. அக்கொழுப்பை ஒழிக்கும் சட்டங்கள் பின்னர்ப் பல நாடுகளில் வந்தன. அதற்கு மாற்றாக உலகம் நாடிய எண்ணெய்களுள் கோலசிலாங்கூர்த் தோட்டங்கள் விளைவிக்கும் செம்பனை எண்ணெயும் ஒன்று. அதில் அந்தத் தீய கொழுப்பு இல்லை. எனினும் நிறைகொழுப்பு மிகுதி. அளவு மீறின் அதுவும் தீங்கே. இவ்வேறுபாட்டை அடுக்களைக்கு விளங்கச் சொல்வதும் தாதியின் பணியாகும்.

மலேசிய மண்ணிலேயே கிடைத்த சான்று இவற்றினும் அண்மையானது. கொலம்பியாவிலும் மலேசியாவிலும் 30 சமூகங்களைச் சேர்ந்த 1,371 பேரிடம் நடந்த 'ஹோப் 4' என்னும் ஆய்வின் முடிவு 2019-இல் வெளியாயிற்று. மருத்துவரல்லாத நலப்பணியாளர் வீட்டருகே சென்று அழுத்தம் அளந்தனர். மருத்துவரின் மேற்பார்வையில் இலவச மருந்து தந்தனர். உறவினர் அல்லது நண்பர் ஒருவரை நோயாளிக்குத் துணையாக்கினர். ஓராண்டு முடிவில் இம்முறையில் பேணப்பட்டோருள் 69 விழுக்காட்டினரின் இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது. வழக்கமான முறையில் விடப்பட்டோருள் அது 30 விழுக்காடே. புதிய மருந்து ஏதும் கண்டுபிடிக்கப்படவில்லை. பழைய மருந்தை மனிதர் ஒருவர் கொண்டு சேர்த்தார், வேறுபாடு அவ்வளவே.

தமிழகமும் இவ்வழியில் அடியெடுத்து வைத்துள்ளது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின்கீழ், மகளிர் நலத் தன்னார்வலர் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டு சேர்க்கின்றனர். படுக்கையில் கிடப்போரைத் தேடிச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் செல்கின்றனர். திட்டத்தின் பெயரிலேயே அதன் தத்துவம் அடங்கியிருக்கிறது.

தோட்டம் கலைந்த பின்

தோட்டத்து வேலி இன்று முன்போல் இல்லை. 1980-களுக்குப் பின் நிலங்கள் கைமாறின. வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. செம்பனைக் காடுகளில் அயல்நாட்டுத் தொழிலாளர் மிகுந்தனர். தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, கிள்ளான் போன்ற ஊர்களின் மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்ககங்களுக்கும் குடிபெயர்ந்தன. தனியார் நிலம் என்ற தடை நீங்கியது. ஆயின் டிரசரும் இல்லாது போனார்.

புதிய குடியிருப்பில் அக்குடும்பங்களை அறிந்தவர் எவருமில்லை. தோட்டத்தில் இருந்த மருத்துவக் குறிப்பு தோட்டத்தோடு நின்றுவிட்டது. தந்தை எந்த வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், தாய்க்கு இனிப்பு நீர் எப்போது கண்டது, பிள்ளை என்ன எடையில் பிறந்தது என்ற செய்திகள் எந்த ஏட்டிலும் தொடரவில்லை. விடியுமுன் எழுந்து மைல்கணக்கில் நடந்த கால்கள் தொழிற்சாலை இயந்திரத்தின் முன் நின்றன. அல்லது லாரியின் இருக்கையில் அமர்ந்தன. உழைப்பாளிக்கு உரியதென்று வகுத்த பழைய சோற்றளவு மட்டும் மாறவில்லை.

இந்நிலையில் செய்யத்தக்கவை மலையளவு பொருட்செலவு வேண்டுவன அல்ல. கிராமப்புறத் தாய்மாரைக் காத்த அதே இலக்கணத்தை நாற்பது வயது கடந்தோர்க்கும் பொருத்தினாற் போதும். பட்டியலிடுதல், அளத்தல், இடர் மிகுந்தோரை வேறுபடுத்துதல், வராதவரைத் தேடுதல் என்னும் நான்கே அதன் விதிகள். குடும்பம் இடம் மாறினால் பதிவேடும் அதனோடு இடம் மாற வேண்டும். ஆலயத் திருவிழாவிலும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும், ஊர்ப் பொதுமண்டபத்திலும் அழுத்தம் அளக்கும் மேசை ஒன்று இடம் பெற வேண்டும். மக்களுக்கு விளங்கும் தமிழில் பேசவல்ல தாதியர் வேண்டும். 'உப்பைக் குறையுங்கள்' என்ற பொதுமொழியினும், ஊறுகாயையும் கருவாட்டையும் பெயர் சொல்லிப் பேசும் மொழியே அடுக்களையில் எடுபடும்.

இதற்குச் சமூகத்தின் கடமையும் உண்டு. தாதிப் பணியை எளிய பணியென்று கருதும் மனப்போக்கு மாற வேண்டும். மருத்துவராகும் மகனையும் மகளையும் போற்றி மேடையில் மாலை சூட்டும் ஊர், கிராமக் கிளினிக்கில் பதிவேடு எழுதும் மகளையும் அதே மேடையில் அமர்த்த வேண்டும். தாதியர் கருத்து கொள்கை வகுக்கும் அவையிலும் ஒலிக்க வேண்டும். எந்த வீட்டில் மாத்திரை தீர்ந்தும் வாங்கப்படவில்லை, அது வறுமையாலா, அறியாமையாலா, பேருந்து வசதி இன்மையாலா என்பதை அமைச்சின் அறிக்கையினும் முன்னதாக அறிந்தவர் அவரே.

ஆற்றுமுகத்தில் மாலையில் ஒளிரும் மின்மினிகளைக் காணப் பயணிகள் தொலைவிலிருந்து கோலசிலாங்கூருக்கு வருகின்றனர். செகிஞ்சானின் நெல்வயலழகைப் படமெடுக்க இளைஞர் திரள்கின்றனர். அவ்வழியே செல்லும் பேருந்தில் நடுவயதுத் தமிழர் ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும். அவருடைய இரத்த அழுத்தம் எவ்வளவு என்பதை அவர் அறியார், கேட்டவரும் இலர். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் நாள் வருமுன் அவர் பெயர் ஒரு தாதியின் பதிவேட்டில் ஏறிவிட வேண்டும். அவர் பெற்றோர் காலத்தில் தோட்ட வேலி தடுத்த அக்காலடி, இப்போதாவது அவர் வாசற்படியை மிதிக்க வேண்டும்.